வேரியோ வாங்கப் போகிறீர்களா? பீப் கருவி, போன், முழுத்திரை: எது யாருக்கு?

பாராகிளைடிங் சீசன் நெருங்கினாலே, ஏறுகிறோமா இறங்குகிறோமா என்று பீப் சத்தத்தில் சொல்லும் வேரியோ பற்றி இந்தக் கேள்வி வரத் தொடங்கிவிடும். கேட்பவர் பெரும்பாலும் பி2 அல்லது பி3 (தனியாகப் பறக்கக் கற்கும் படிநிலைகள்) பயிற்சி முடித்தவர். கிளைடர், ஹார்னஸ் (உட்காரும் இருக்கை), ரிசர்வ் (அவசர பாராசூட்) எல்லாம் வாங்கிவிட்டார். கையில் கொஞ்சம் பணம் மிச்சம் இருக்கிறது. "போன்லயே ஆப் இருக்கே, அது பத்தாதா? இல்ல, நேரா பெரிய கருவியாவே வாங்கிடலாமா? நடுவுல சின்னச் சின்னதா எத வாங்கினாலும் பணம் வீண்ங்கறாங்களே?"

பதில் ஆளுக்கு ஆள் மாறும். மகாராஷ்டிரத்தின் கமஷேத் குன்றுகளில் காற்றுமுகத்தில் முன்னும் பின்னுமாகப் பறப்பவருக்கும், இமாசலத்தின் பில்லிங்கிலிருந்து தௌலாதார் மலைமுகத்தைப் பிடித்துத் தர்மசாலா வரை போய்வர நினைப்பவருக்கும் ஒரே கருவியைச் சொல்ல முடியாது. அதனால் முதலில் எதை வைத்து எடை போடுவது என்று பார்த்துவிடுவோம்.

## கருவி உண்மையில் என்ன செய்கிறது

நம் உடம்புக்கு வேகம் தெரியாது, வேக மாற்றம்தான் தெரியும். லிஃப்ட் கிளம்பும்போதும் நிற்கும்போதும் வயிற்றில் உணர்கிறோம். நடுவில் அது எத்தனை மாடி ஏறினாலும் சும்மா நிற்பது போலத்தான் இருக்கும். தெர்மலுக்குள்ளும், அதாவது மேலெழும் வெப்பக்காற்றுக்குள்ளும், இதே கதைதான். உள்ளே நுழையும்போது சீட் தூக்கும். அதற்குப் பிறகு விநாடிக்கு 0.3 மீட்டர் ஏறுகிறோமா, 0.3 மீட்டர் இறங்குகிறோமா என்று உடம்பால் சொல்ல முடியாது. பக்கத்தில் மலை இருந்தால் கண் ஓரளவு உதவும். பள்ளத்தாக்கின் நடுவே அதுவும் உதவாது.

பில்லிங் டேக்-ஆஃப் சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பீர் லேண்டிங் அதற்குக் கிட்டத்தட்ட 1,000 மீட்டர் கீழே. சாதாரணப் பாராகிளைடர் அமைதியான காற்றில் விநாடிக்கு ஒரு மீட்டருக்குச் சற்று மேல் இறங்கும். ஏற்றம் எதுவும் கிடைக்காவிட்டால் கால் மணி நேரத்தில் தரையில் இருப்பீர்கள். அதை இரண்டு மூன்று மணி நேரப் பறப்பாக மாற்றுவது, கொஞ்சம் கொஞ்சமான ஏற்றங்களை விடாமல் பிடிப்பதுதான். அதைக் காதில் சொல்லும் கருவிதான் வேரியோ.

அது காற்றழுத்தத்தை அளக்கிறது. கடல் மட்டத்தருகே சுமார் 8 மீட்டர் ஏறினால் அழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் குறையும்; பில்லிங் உயரத்தில் அதே 1 ஹெக்டோபாஸ்கலுக்குக் கிட்டத்தட்ட 11 மீட்டர் ஏற வேண்டும். இன்றைய சென்சார்கள் 10 சென்டிமீட்டர் உயர வித்தியாசத்தைக்கூடக் கண்டுபிடித்துவிடும். ஜிபிஎஸ்ஸை மட்டும் நம்பி இந்த வேலை நடக்காது. அதன் உயரக் கணக்கு மீட்டர் கணக்கில் ஆடும். பல கருவிகளில் விநாடிக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கும்.

## எதை வைத்து எடை போடுவது

முதலாவது, சத்தம் எவ்வளவு சீக்கிரம் வருகிறது. டிரிம் வேகம் (பிரேக்கை இழுக்காதபோது கிளைடர் தானே பறக்கும் வேகம்) மணிக்கு 37 கிலோமீட்டர் என்றால் விநாடிக்குப் பத்து மீட்டர். பீப் ஒரு விநாடி தாமதித்தால், ஏற்றத்தின் நடுவைத் தாண்டிப் பத்து மீட்டர் போன பிறகுதான் திரும்பத் தொடங்குவீர்கள். தெர்மலின் நல்ல பகுதியே சில பத்து மீட்டர் அகலம்தான் இருக்கும் நாளில் இது பெரிய இழப்பு. என் கணக்கில் மற்ற எல்லாம் இதற்குப் பிறகுதான்.

இரண்டாவது, மதிய வெயிலில் திரை படிக்க முடிகிறதா. மூன்றாவது, கையுறை போட்ட கையால் இயக்க முடிகிறதா. பிரேக்கை (கிளைடரைத் திருப்பும் கைப்பிடியை) விட்டு ஒரு கையை எடுக்கும் ஒவ்வொரு விநாடியும் செலவுதான். நான்காவது, பேட்டரி. ஐந்தாவதைப் பலரும் யோசிப்பதில்லை: ஒரு பொருள் செத்தால் அதோடு சேர்ந்து வேறு என்னென்ன சாகும்? கடைசியாக விலை. கடைக்காரர் சொல்லும் விலையோடு சுங்கவரி, ஜிஎஸ்டி, மாட்டும் சாமான், ரிப்பேருக்கு அனுப்பும் கூரியர் எல்லாம் சேர்த்த விலை.

## திரையில்லாத பீப் கருவி

தீப்பெட்டி அளவு. ஹெல்மெட்டிலோ தோள்பட்டை வாரிலோ ஒட்டிக்கொள்ளலாம். ஏறினால் பீப் வேகமாகவும் உச்சமாகவும் வரும், இறங்கினால் தாழ்ந்த குரலில் இழுக்கும், அவ்வளவுதான். பிரான்ஸிலிருந்து வரும் லெபிப்பிப் போன்ற சில கருவிகள் சூரிய ஒளியிலேயே சார்ஜ் ஆகிக்கொள்ளும். தோராயமாகப் பத்தாயிரம் ரூபாயைச் சுற்றித் தொடங்கும், சுங்கம் தனி.

கண் முழுவதும் வெளியே இருக்கும் என்பதுதான் இதன் பெரிய பலம். புதிய பைலட் திரையைப் பார்த்துக்கொண்டே சுற்றுவது பீரில் அக்டோபரில் ஆபத்தான பழக்கம். டேக்-ஆஃபுக்கு முன்னால் இருக்கும் தெர்மலில் டேன்டம்காரர்களும் (பயணியை ஏற்றிப் பறப்பவர்கள்) தனிப் பைலட்களும் ஒன்றாகச் சுற்றிக்கொண்டிருப்பார்கள். காது ஏற்றத்தைப் பார்த்துக்கொள்ள, கண் பக்கத்தில் சுற்றுபவரைப் பார்க்கட்டும்.

குறை வெளிப்படையானது. உயரம் எவ்வளவு, காற்று எந்தப் பக்கம், பறந்த பாதை எது என்று பெரும்பாலான பீப் கருவிகள் சொல்லாது. ஆனால் இதை வாங்கினால் பணம் வீண் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நாளை பெரிய கருவி வாங்கினாலும் இது மாற்றுக் கருவியாகக் கூடவே இருக்கும். அனுபவசாலிகள் பலர் ஹெல்மெட்டில் இப்படி ஒன்றை ஒட்டிக்கொண்டுதான் பறக்கிறார்கள்.

## போன் மட்டும்

ஆண்ட்ராய்டில் எக்ஸ்சிடிராக், ஐபோனில் ஃப்ளைஸ்கைஹை. இரண்டும் அருமையான ஆப்கள், அதில் சந்தேகமில்லை. வரைபடம், காற்றின் திசை, பறந்த பாதை, வான்பரப்பு எல்லை என்று எல்லாம் உண்டு. ஐபோனில் 2014-இல் வந்த 6 மாடலிலிருந்தே அழுத்த சென்சார் இருக்கிறது. விலை கூடிய ஆண்ட்ராய்டு போன்களிலும் இருக்கும். விலை குறைந்த போன்களில் பெரும்பாலும் இருக்காது. வாங்கும் முன் போனின் விவரப் பட்டியலில் பாரோமீட்டர் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

சென்சார் இருந்தாலும் அது வேரியோவுக்காக வைத்ததில்லை. தண்ணீர் புகாத போன்களின் உடம்பு இறுக்கமாக மூடியது. திரையை விரலால் அழுத்தினால் உள்ளே அழுத்தம் சட்டென்று கூடும், வேரியோ கணக்கு குழம்பும். தரையிலேயே சோதித்துப் பார்க்கலாம்: வேரியோ ஆப்பைத் திறந்து மேசையில் வைத்து, திரையின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தி விடுங்கள். அசையாத மேசை ஏறி இறங்குவதாகச் சில போன்கள் சத்தம் போடும்.

காற்று நேராக மோதுவதும் அப்படித்தான். மணிக்கு 37 கிலோமீட்டர் காற்று சென்சார் துளையில் முட்டினால் அரை ஹெக்டோபாஸ்கல் வரை அழுத்தம் கூடலாம். பில்லிங் உயரத்தில் அது 5 மீட்டர் உயரத்துக்குச் சமம். கிளைடர் லேசாக முன்னே பாய்ந்தால், காற்று ஒரு தட்டு தட்டினால், போன் இல்லாத ஏற்ற இறக்கத்தைச் சொல்லும். தனி வேரியோ செய்பவர்கள் துளையை எங்கே வைப்பது, எப்படி மறைப்பது என்று யோசித்திருப்பார்கள். போன் செய்தவருக்கு அந்தக் கவலை எதற்கு?

அடுத்தது மறைமுகச் செலவு. பில்லிங் வெயிலில் டேக்-ஆஃபில் காத்திருக்கும்போதே போன் சூடாகித் திரை மங்கும். ஆப்பிளே தன் போன்களுக்கு 0 முதல் 35 டிகிரி வரைதான் சரியான சூழல் என்கிறது. மேலே 3,500 மீட்டரில் குளிர்காற்று அடிக்க, பேட்டரி விறுவிறுவென்று இறங்கும். முழு வெளிச்சத்தில் திரை எரிந்தால் பவர்பேங்க் கட்டாயம். 10,000 எம்ஏஎச் என்றால் 37 வாட்-ஹவர்தான், விமானத்தில் கைப்பையில் தாராளமாகப் போகும். செக்-இன் பையில் வைக்கக்கூடாது. இதோடு உறுதியான கவர், கீழே விழாமல் கட்டும் கயிறு, காதுக்கு ஏதாவது. போன் ஸ்பீக்கர் காற்றிரைச்சலில் எடுபடாது. ப்ளூடூத் இயர்போன் போட்டால் சத்தம் இன்னும் கொஞ்சம் தாமதமாகும்.

எல்லாவற்றையும் விட முக்கியமான ஒன்று. மலையில் எங்கோ இறங்கி, கால் பிசகி, ஆளைக் கூப்பிட வேண்டிய நேரத்தில் உங்களுக்கு இருப்பது அந்த ஒரே போன். மூன்று மணி நேரம் வேரியோவாக ஓடிய போனில் 6 சதவீதம் மிச்சம் இருந்தால் என்ன செய்வீர்கள்? போன் மட்டும் வைத்துப் பறப்பதை, லேண்டிங் கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் பறப்பவர்களுக்கு மட்டும் சொல்வேன். அதுவும் பழைய போன் ஒன்றை இதற்கென்றே ஒதுக்க முடிந்தால்.

## போனோடு ப்ளூடூத் வேரியோ

பலருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். சென்சாரும் சத்தமும் தனிக் கருவியில். வரைபடமும் பதிவும் போனில். போன் அணைந்தாலும் பீப் நிற்காது. சுவிட்சர்லாந்தின் எக்ஸ்சி டிரேசர், ஆஸ்திரேலியாவின் ப்ளூஃப்ளை போன்றவை இந்த வகை. தோராயமாக இருபதாயிரம் முதல் முப்பத்தைந்தாயிரம் ரூபாய் வரை, சுங்கம் சேர்க்காமல்.

இதில் எக்ஸ்சி டிரேசர் வகைக் கருவிகளில் அழுத்தத்தோடு முடுக்க சென்சாரும் உண்டு. இரண்டையும் சேர்த்துக் கணக்கிடுவதால் தாமதம் ஏறக்குறைய இல்லை. சீட் தூக்குவதும் பீப் வருவதும் ஒரே நேரத்தில் நடக்கும். பழக்கமானவர்களுக்கு இது பெரிய வரம். ஆனால் கரடுமுரடான நடுப்பகல் காற்றில் ஒவ்வொரு குலுக்கலுக்கும் பீப்-பீப் என்று கத்துவதால் புதியவர்கள் ஒவ்வொரு சத்தத்துக்கும் திரும்பப் பார்ப்பார்கள். அப்போது செட்டிங்கில் மெதுவாக்கும் அளவைக் கூட்டிவிட்டால் போதும்.

தலைவலி இணைப்பில்தான். டேக்-ஆஃபில் கிளைடரை விரித்துவிட்டு, பின்னால் வரிசை நிற்க, ப்ளூடூத் சேரவில்லை என்று ஹார்னஸோடு குனிந்து போனைத் தட்டிக்கொண்டிருப்பது யாருக்கும் நல்லதல்ல. காலையில் ஜீப் ஏறும் முன் விடுதியிலேயே இணைத்து, பதிவு ஓடுகிறதா என்று பார்த்துவிட வேண்டும். இரண்டு பொருள் என்றால் சார்ஜும் இரண்டு.

## முழுத்திரைக் கருவி

ஸ்லோவேனியாவின் நேவிட்டர் ஊடி, ஜெர்மனியின் ஸ்கைட்ராக்ஸ், போர்ச்சுகலின் ஃப்ளைமாஸ்டர். வெயில் எவ்வளவு அடிக்கிறதோ அவ்வளவு தெளிவாகத் தெரியும் திரைகள் இவற்றில் கிடைக்கும். பட்டன் உள்ள மாடல்களைக் கையுறையோடு இயக்கலாம். நாள் முழுவதும் பறந்தாலும் பேட்டரி பற்றி யோசிக்க வேண்டாம். விலை நாற்பத்தைந்தாயிரத்தில் தொடங்கி லட்சத்தைத் தாண்டும். பெல்ஜியத்தின் ஏர்3 சற்று வேறு ரகம். பளீரென்ற திரையுள்ள ஆண்ட்ராய்டு பலகைக்குள் எக்ஸ்சிடிராக்கையும் வேரியோவையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். எக்ஸ்சிடிராக்கில் கை பழகியவர்களுக்கு மாறுவது எளிது.

போட்டிக்குப் போவதானால் இதுதான் வழி. 2015-இல் உலகக்கோப்பை பில்லிங்குக்கு வந்த பிறகு, போட்டி பற்றி யோசிக்கும் இந்தியப் பைலட்கள் கூடியிருக்கிறார்கள். போட்டி நாளில் காலையில்தான் பாதை அறிவிப்பார்கள்: தொடக்க வட்டம், எந்தெந்தத் திருப்புமுனை, ஒவ்வொன்றின் ஆரம் 400 மீட்டரா 2 கிலோமீட்டரா, தொடக்க நேரம் என்ன என்று. இதையெல்லாம் சாய்வான டேக்-ஆஃபில் உட்கார்ந்து வேகமாக ஏற்றி, மேலே போனதும் வட்டத்தின் எந்த விளிம்பைத் தொட்டால் தூரம் குறையும் என்று கருவியே காட்ட வேண்டும். போனிலும் செய்யலாம், ஆனால் அன்று போன் சூடானால் அந்தச் சுற்றே போய்விடும்.

இன்னொரு காரணம் ஃபேனெட்டும் ஃப்ளார்மும். ஃபேனெட் பக்கத்தில் பறப்பவர்களின் இடத்தை மொபைல் சிக்னல் இல்லாமலே கருவிக்குக் கருவி ரேடியோவில் அனுப்பும். ஃப்ளார்ம் 2004-இல் சுவிஸ் கிளைடர் பைலட்களிடம் தொடங்கியது, மோதல் எச்சரிக்கைக்கானது. தௌலாதாரின் உள் மடிப்புகளில் மொபைல் சிக்னலை நம்ப முடியாது. அங்கே நண்பர் இறங்கிய இடம் உங்கள் திரையில் புள்ளியாக நிற்பது தேடும் நேரத்தைக் குறைக்கும். ஆனால் மற்றவரிடமும் அதே கருவி இருந்தால்தான் பயன். ஆயிரம் பேர் பறக்கும் ஆல்ப்ஸில் இதன் மதிப்பு வேறு, நான்கு பேர் பறக்கும் கேரளத்து வாகமண்ணில் வேறு. உங்கள் குழுவில் எத்தனை பேரிடம் இருக்கிறது என்று கேட்டுவிட்டு இதற்குப் பணம் கொடுங்கள்.

மறைந்திருக்கும் செலவு ரிப்பேரில்தான். திரை உடைந்தாலும் பேட்டரி உப்பினாலும் பெரும்பாலும் ஐரோப்பாவுக்கு அனுப்ப வேண்டும். போக வரக் கூரியர், திரும்பி வரும்போது சுங்கத்தில் விளக்கம், நடுவில் சீசன் முடிந்துவிடும். இன்னொரு செலவு, படிக்கும் நேரம். எழுபது கட்டங்களைத் திரையில் வைக்க முடியும் என்பதற்காக வைத்தால், தேவையானது எங்கே என்று தேடவே ஒரு சுற்று போய்விடும்.

## ஒரே பார்வையில்

| | பீப் கருவி | போன் மட்டும் | போன் + ப்ளூடூத் வேரியோ | முழுத்திரை |
|---|---|---|---|---|
| சத்தத்தின் வேகம் | நன்று | நம்ப முடியாது | மிக நன்று | நன்று முதல் மிக நன்று |
| வெயிலில் திரை | திரையில்லை | மோசம் | மோசம் | மிக நன்று |
| கையுறையோடு | தொட வேண்டியதே இல்லை | கடினம் | கடினம் | பட்டன் இருந்தால் எளிது |
| பேட்டரி | கவலையில்லை | பவர்பேங்க் வேண்டும் | போனுக்கு மட்டும் வேண்டும் | நாள் முழுக்க |
| செத்தால் | வேறொன்றும் சாகாது | வேரியோ, வரைபடம், அவசர அழைப்பு மூன்றும் | பீப் மிஞ்சும் | போன் மிஞ்சும் |
| மறைந்த செலவு | குறைவு | கவர், கயிறு, போன் தேய்மானம் | இணைப்புத் தொல்லை | ரிப்பேர், படிக்கும் நேரம் |
| யாருக்கு | முதல் இரண்டு சீசன் | லேண்டிங் தெரியும் தூரம் | கிராஸ் கன்ட்ரி (தொலைதூரப் பறப்பு) தொடங்குபவர் | நீண்ட பறப்பு, போட்டி |

கைக்கடிகாரம் பற்றியும் கேட்கிறார்கள். உயரம் பார்க்க, பாதை பதிவு செய்ய நன்று. வேரியோவாக எண்ண வேண்டாம். தெர்மலில் மணிக்கட்டைத் திருப்பிப் பார்ப்பவர் பிரேக்கைச் சரியாகப் பிடிப்பதில்லை.

## எது வாங்கினாலும் இந்த நான்கையும் சரிசெய்யுங்கள்

கருவியைப் பெட்டியிலிருந்து எடுத்த நிலையிலேயே பறப்பவர்கள்தான் அதிகம். லட்ச ரூபாய்க் கருவியின் தவறான செட்டிங்கைவிடப் பத்தாயிரம் ரூபாய்க் கருவியின் சரியான செட்டிங் உயரத்தில் வைத்திருக்கும்.

ஏற்ற பீப் தொடங்கும் அளவை விநாடிக்கு 0.1 அல்லது 0.2 மீட்டரில் வையுங்கள். பலவீனமான நாளில் அதற்குச் சற்றுக் கீழேயும் ஒரு மெல்லிய சத்தம் வைக்கும் வசதி சில கருவிகளில் உண்டு. இறக்கம் குறைந்தாலே அது ஒலிக்கும். காற்று மேலே வருகிறது, ஆனால் உங்களைத் தூக்கும் அளவுக்கு இல்லை என்று பொருள். தெர்மல் பக்கத்தில் எங்கோ இருக்கிறது.

இறக்க எச்சரிக்கையை விநாடிக்கு 2.5 அல்லது 3 மீட்டருக்குத் தள்ளிவிடுங்கள். கிளைடர் இயல்பாக இறங்கும் அளவுக்கே அது அழுதுகொண்டிருந்தால் அரை மணியில் காது மரத்துவிடும். உண்மையிலேயே மோசமான இறக்கத்தில் அது கத்தும்போது கேட்காது.

உயரத்தை ஒவ்வொரு முறையும் டேக்-ஆஃபில் சரிசெய்யுங்கள். தென்னிந்தியாவில் காலை பத்து மணிவாக்கில் காற்றழுத்தம் உச்சத்திலும் மாலை நான்கு மணிவாக்கில் அடியிலும் இருக்கும். வானிலையில் எந்த மாற்றமும் இல்லாத நாளிலேயே வித்தியாசம் 3 ஹெக்டோபாஸ்கலைத் தொடும். வாகமண்ணில் காலையில் சரிசெய்துவிட்டு மாலையில் அதே எண்ணை நம்பி மேட்டிலேயே திரும்ப இறங்கப் பார்த்தால், 25, 30 மீட்டர் கூடுதலாக இருப்பதாகக் கருவி சொல்லும்.

திரை இருந்தால் நான்கே கட்டம் போதும்: உயரம், கடைசி 20 அல்லது 30 விநாடிச் சராசரி ஏற்றம், காற்று, லேண்டிங் போய்ச்சேரத் தேவையான கிளைடு (ஒரு மீட்டர் இறங்குவதற்குள் எத்தனை மீட்டர் முன்னே போக வேண்டும் என்ற எண்). காற்றைக் கருவி ஒரு முழுச் சுற்றில் கண்டுபிடிக்கிறது. ஒரு பக்கம் தரைவேகம் 57, எதிர்ப்பக்கம் 17 என்றால் வித்தியாசத்தில் பாதி, அதாவது மணிக்கு 20 கிலோமீட்டர் காற்று. நேராகவே போய்க்கொண்டிருந்தால் அந்த எண் பழசாகிவிடும். நம்பும் முன் ஒரு சுற்று சுற்றுங்கள். தேவையான கிளைடு எண்ணை ஒருமுறை பார்த்தால் போதாது, எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள். 6 என்று தொடங்கி 6.5, 7 என்று ஏறிக்கொண்டே போனால் நினைத்த இடத்துக்குப் போய்ச் சேர மாட்டீர்கள். வேறு லேண்டிங்கை அப்போதே தேர்ந்தெடுங்கள், உயரம் கையில் இருக்கும்போதே.

## வாங்கும்போது

வெளிநாட்டிலிருந்து வரும் நண்பரிடம் வேரியோ கொண்டுவரச் சொல்லும்போது, கூடவே சாட்டிலைட் மெசேஜ் கருவியையும் கொண்டுவரச் சொல்லாதீர்கள். தொலைத்தொடர்புத் துறை அனுமதி இல்லாமல் அதை இந்தியாவில் வைத்திருக்கக்கூடாது. தெரியாமல் கொண்டுவந்த வெளிநாட்டுப் பயணிகளே விமான நிலையத்தில் பிடிபட்டிருக்கிறார்கள். வேரியோவுக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

பழைய முழுத்திரைக் கருவி விற்பனைக்கு வந்தால் தயங்க வேண்டாம். சென்சார் எளிதில் கெடாது. பேட்டரியும் சார்ஜ் துளையும்தான் தேயும். விற்பவரிடம் முழு சார்ஜில் தொடங்கி எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று கேளுங்கள், கடைசியாக எப்போது மென்பொருள் புதுப்பித்தார் என்றும். பிறகு கையில் வாங்கி, படிக்கட்டில் ஒரு மாடி சீராக ஏறிப் பாருங்கள். முதல் படியிலேயே பீப் வந்து, நீங்கள் நின்றதும் அதுவும் நின்றால் சென்சார் நன்றாக இருக்கிறது.

இமாசலத்தில் ஜூலை 15 முதல் செப்டம்பர் 15 வரை பறக்கத் தடை. ஆர்டர் செய்ய, சுங்கத்தில் காத்திருக்க, செட்டிங் படிக்க அந்த இரண்டு மாதம் சரியாக இருக்கும். அக்டோபரில் பீர் போய்ச் சேர்ந்த பிறகு கருவியைப் பெட்டியிலிருந்து பிரிக்காதீர்கள்.